ஓடும் வண்டியில் கரண்ட் செத்துப்போனால்: உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கான செய்முறை

இருசக்கர வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மீட்டர் அணைகிறது, ஹாரன் அடிக்கவில்லை, அடுத்த நொடி இன்ஜினும் நிற்கிறது. உடனே எல்லோர் வாயிலும் வருவது "பேட்டரி போயிருச்சு". ராமநாதபுரம் கரையோரத்தில் இந்த முடிவு பெரும்பாலும் தப்பு. பேட்டரி பொதுவாகச் சாகும் முன் அறிகுறி காட்டும்: காலையில் செல்ஃப் (பட்டன் ஸ்டார்ட்) இழுக்கத் திணறும், ஹாரன் சத்தம் கம்மும். எந்த அறிகுறியும் இல்லாமல் பட்டென்று எல்லாம் அணைந்தால், எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். புது பேட்டரி போட்டதும் வண்டி ஓடிவிடும். சில நாளில் மறுபடி நிற்கும். பேட்டரியை மாற்றும்போது டெர்மினலை (வயர் மாட்டும் முனை) கழற்றி முடுக்கினார்களே, அதனால்தான் ஓடியது. காசு வீண்.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து தூவிவிடும் உப்பு, வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் படிந்தபின் காய்வதே இல்லை. செம்பு முனை பச்சை பூக்கிறது, இரும்பு போல்ட் துரு ஏறுகிறது, இரண்டுக்கும் நடுவே மின்தடை கூடுகிறது. 0.1 ஓம் என்பது கேட்க அற்பம். ஆனால் செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.1 ஓம் 5 வோல்ட்டை விழுங்கிவிடும். மீதி 7 வோல்ட்டில் அது இன்ஜினைச் சுற்றத் திணறும்.

கையில் என்ன வேண்டும்

8, 10 எம்எம் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 400 நம்பர் உப்புத்தாள் ஒரு துண்டு, வாசலின், இன்சுலேஷன் டேப், உங்கள் வண்டிக்குரிய ஃபியூஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இவற்றோடு, பழைய 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் சுற்றிச் செய்த டெஸ்ட் லாம்ப். மல்டிமீட்டர் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், இந்த லாம்ப் இல்லாமல் வேண்டாம். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

படி 1: ஓரம் கட்டுங்கள்

சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். கிளட்ச்சைப் பிடித்து, இடது கையால் சைகை காட்டத் தோதில்லையென்றால் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருட்டிக்கொண்டே இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் கரண்ட் போனால் ஏபிஎஸ் வேலை செய்யாது. பிரேக் பிடிக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். லூஸ் காண்டாக்ட் திடீரென்று திரும்ப ஒட்டினால் வண்டி குதிக்கும்.

பாம்பன் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் அங்கே சீட்டைக் கழற்றி உட்காராதீர்கள். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கக் காற்று, வேடிக்கை பார்க்க நிற்கும் வண்டிகள், பின்விளக்கு இல்லாத உங்கள் வண்டி. தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். தனுஷ்கோடி தாண்டிய அரிச்சல்முனை சாலையில் ஓரம் முழுக்க மணல். சைடு ஸ்டாண்டு புதையும், அடியில் தட்டைக் கல் வையுங்கள். இரவென்றால் செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பின்பக்கம் வையுங்கள்.

படி 2: எது செத்தது, எப்படிச் செத்தது

சாவியைப் போட்டு, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றையும் பாருங்கள். ஹெட்லைட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும்.

மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன, இன்ஜின் மட்டும் ஓடவில்லையா? கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் பொத்தான்), சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பெட்ரோல், பிளக் என்று போக வேண்டும். அது வேறு கதை. ஒன்று மட்டும் சொல்லலாம்: சைடு ஸ்டாண்டு சுவிட்ச் தரையை ஒட்டி இருப்பதால் மணலும் உப்பும் முதலில் ஏறுவது அங்கேதான்.

மூன்றுமே செத்திருந்தால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த் (கரண்ட் திரும்பி வரும் நெகட்டிவ் இணைப்பு), சாவி சுவிட்ச் என்ற நான்கு இடங்களுக்குள்தான் பெரும்பாலும் பழுது இருக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது வந்து வந்து போனால், ஹேண்டில் கழுத்தில் வளையும் வயரிலோ சாவி சுவிட்சின் கப்ளரிலோ தேடுங்கள். அரை மணி நேரமாக லைட் மங்கி மங்கிக் கடைசியில் நின்றிருந்தால் சார்ஜ் ஏறவில்லை. நேரே கடைசிப் படிக்குப் போங்கள்.

பிஎஸ்-6 (2020 ஏப்ரலில் வந்த மாசு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருப்பதால், கரண்ட் சுத்தமாகப் போனபின் கிக்கரை மிதித்தாலும் பயனில்லை. பம்பு ஓடக் கரண்ட் வேண்டும்.

படி 3: பேட்டரி டெர்மினல்

சாவியை அணைத்துவிட்டு சீட்டையோ பக்கத்து மூடியையோ கழற்றுங்கள். எதையும் முடுக்கும் முன், இரண்டு டெர்மினலையும் விரலால் அசைத்துப் பாருங்கள். கையால் அசைந்தால் பழுது அதுவே. முடுக்கினால் வண்டி உயிர் பெறும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்; உள்ளே பூத்திருப்பதைச் சுத்தம் செய்யாமல் முடுக்கியது சில நாள்தான் தாங்கும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். இதை மாற்றிச் செய்தால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்ட கணத்தில் நெருப்புப் பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். வெள்ளைப் பொடி இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். பிறகு உப்புத்தாளால் லக்கின் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) இரண்டு முகத்தையும் பேட்டரி முனையையும் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். வயர் லக்குக்குள் நுழையும் இடத்தில் உறையை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் உப்பு வயருக்குள்ளேயே ஏறிவிட்டது. கறுப்பு தீரும்வரை வெட்டிவிட்டுப் புது லக் அடிக்க வேண்டும். வெளியே அழகாக இருந்து உள்ளே கறுத்த வயர்தான் இந்தக் கரையில் அதிகம் ஏமாற்றுவது.

வாசலினை முடுக்கிய பிறகு மேலே பூசுங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் வைக்க வேண்டாம்.

இப்போது மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளவெடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி, 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், அதுவும் முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்த பிறகே.

டெஸ்ட் லாம்ப் எதற்கு என்றால், மீட்டர் இழுக்கும் கரண்ட் கடுகளவு. இருபது இழையுள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். 10 வாட் பல்பு முக்கால் ஆம்பியருக்கு மேல் கேட்கும். பூத்துப்போன இணைப்பால் அதைக் கொடுக்க முடியாது, பல்பு மினுக்கென்று மங்கும். மீட்டர் 12 காட்டி, லாம்ப் மங்கினால், அந்தப் புள்ளிக்கும் பேட்டரிக்கும் நடுவில்தான் குறை.

படி 4: மெயின் ஃபியூஸ்

பெரும்பாலான வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்திலோ, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்டார்ட்டர் ரிலேயின் தலையிலோ இருக்கும். நிறம் பார்த்து அளவு தெரிந்துகொள்ளலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். மயிரிழை விரிசல் தெரியாது. மாட்டிய நிலையிலேயே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் லாம்ப்பை வைத்துப் பாருங்கள், லாம்ப்பின் மறுமுனை பேட்டரி நெகட்டிவில். இரண்டிலும் சமமாக எரிய வேண்டும். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியவில்லை என்றால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரிந்து வண்டிக்கு மட்டும் கரண்ட் வரவில்லையென்றால் ஃபியூஸைப் பிடுங்கி, அதன் கால்களிலும் உட்காரும் பள்ளத்திலும் பச்சை இருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எரிந்த ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாளோ செம்புக் கம்பியோ வைக்காதீர்கள், தயவுசெய்து. பெரிய ஆம்பியரும் வேண்டாம். ஃபியூஸ் எரியாவிட்டால் அந்தச் சூட்டை வயர் வாங்கிக்கொள்ளும், அந்த வயர் போவது டேங்குக்கு அடியில்.

அதே அளவு புது ஃபியூஸ் போட்டதும் எரிந்தால் எங்கோ ஷார்ட். இன்னொன்றை வீணாக்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இரண்டு கால்களுக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப்பை மாட்டிச் சாவியைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை லாம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். இனி ஹேண்டில் கழுத்து, டேங்க் அடி, சீட்டின் கீழ் என்று வயர்க் கட்டை அசைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் படக்கென்று இறங்குகிறதோ அந்தக் கிளையில் ஷார்ட். பின்னால் ஒட்டுப்போட்ட ஃபாக் லைட், செல்போன் சார்ஜர் வயர்களை முதலில் கழற்றிவிட்டால் பாதி வேலை குறையும்.

மீன் பெட்டி கட்டும் வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடும் செதிலோடும் சொட்டிக்கொண்டே வரும். அது இறங்குவது பின்விளக்கு வயர் மேல். கேரியருக்கு அடியில் அந்த வயர் சட்டத்தில் உரசும் இடத்தைப் பாருங்கள். உறை தேய்ந்து ஷார்ட் ஆவது அங்கேதான் அதிகம். தேய்ந்த இடத்தை டேப் சுற்றிச் சட்டத்தைவிட்டு விலக்கிக் கட்டுங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பும், தண்ணீர் பின்பக்கமாக வடியக் குழாயும் வைத்தால் வயர் பிழைக்கும்.

படி 5: எர்த்

பாசிட்டிவ் பக்கத்தைத் தேடித் தேடி அலுத்த பலர் இதைப் பார்ப்பதே இல்லை. போன கரண்ட் திரும்பி வர வழி இல்லையென்றால் எதுவும் எரியாது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு பிரேக்கை அழுத்தி ஹாரன் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறினால் எர்த் கெட்டிருக்கிறது. எதுவுமே எரியாத வண்டியில், டெஸ்ட் லாம்ப்பைப் பேட்டரி பாசிட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்தால் போதும். எரியவில்லையென்றால் எர்த்தே இல்லை. நெகட்டிவ் வயர் இன்ஜினிலோ சட்டத்திலோ சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போகத் தேய்த்து, முடுக்கி, வாசலின் பூசுங்கள்.

படி 6: சாவி சுவிட்ச்

சாவியை ஆன் நிலையில் மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டும்போது வண்டியின் மீட்டர் உயிர் வந்து போகிறதா? அப்படியென்றால் குறை சாவி சுவிட்சில். உறுதி செய்ய, சுவிட்சிலிருந்து வரும் கப்ளரைக் கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னால். பேட்டரியிலிருந்து வரும் வயரில் லாம்ப் எப்போதும் எரிய வேண்டும். சாவி போட்டால் வெளியே போகும் வயரிலும் அதே வெளிச்சம். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே நிறத்தை நம்பாமல் லாம்ப்பை நம்புங்கள். உள்ளே கரண்ட் வந்து வெளியே போகவில்லையென்றால், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சாவியைப் பலமுறை திருப்பிப் பாருங்கள். அப்படியும் மங்கினால் சுவிட்சை மாற்றுவதுதான் வழி.

இந்தச் சுவிட்சையும் கப்ளர்களையும் கெடுப்பதில் வாட்டர் வாஷுக்குப் பெரிய பங்கு உண்டு. கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. கடலோரம் போய்வந்த வண்டியை உப்புத் தண்ணீரால் பிரஷர் வைத்துக் கழுவினால், வெளியே இருந்த உப்பைக் கப்ளருக்குள் அடித்து ஏற்றியதாகிவிடும். இரண்டு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துணியும் போதும். சாவித் துளை, ஹேண்டில் சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி மூன்றுக்கும் நேரே பீய்ச்சாதீர்கள். கச்சான் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை முக்கியக் கப்ளர்களைப் பிரித்து, கிளீனர் அடித்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் (கரண்ட் கடத்தாத) கிரீஸ் மெல்லியதாகத் தடவி மூடுங்கள்.

படி 7: சார்ஜ் ஏறுகிறதா

மங்கி மங்கி நின்ற வண்டிக்கு இது. பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை 4000 ஆர்பிஎம் அளவுக்கு முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறி ஏற்றுகிறது; பல்பு அடிக்கடி போகும், பேட்டரி வயிறு வீங்கும். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் இன்ஜெக்ஷன் வண்டியில் வேண்டவே வேண்டாம், வோல்ட்டேஜ் எகிறி, இன்ஜினை நடத்தும் கணினியான இசியூ போய்விடக்கூடும்.

சார்ஜ் வரவில்லையென்றால் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரை முதலில் பிரியுங்கள். ஒரு முனை பழுப்பேறி உருகியிருப்பது சர்வசாதாரணம். அது நன்றாக இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் ஒரே நிறமுள்ள மூன்று வயர்களை இரண்டிரண்டாக ஓம் அளவில் பாருங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு, பல வண்டிகளில் 1 ஓமுக்கும் குறைவாக, காட்ட வேண்டும். எந்த வயரும் இன்ஜின் உலோகத்தோடு தொடர்பு காட்டக்கூடாது. காட்டினால் காயில் எரிந்திருக்கிறது. சிறிய வண்டிகள் சிலவற்றில் வயர் அமைப்பு வேறு, அங்கே சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவைப் பாருங்கள். காயில் சரி, கப்ளரும் சரி என்றால் மிஞ்சுவது ரெகுலேட்டர். புதியதைப் போடும்போது உருகிய கப்ளரையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த முனையின் சூடு புதியதையும் தின்றுவிடும். மாட்டியபின் மறுபடி 4000 ஆர்பிஎம்மில் அளந்து, ஹாரன் அடித்து, பிரேக் பிடித்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், மல்டிமீட்டர் 13.5க்குக் கீழே இறங்காமல் நின்றால் சீட்டை மாட்டலாம்.