சின்ன எஸ்யூவி வாங்கறதுக்கு முன்னாடி பின் சீட்டுல உக்காந்து பாருங்க

குடும்பத்துக்குன்னு ஒரு எஸ்யூவி வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஷோரூம்ல நுழைஞ்சதும் நேரா டிரைவர் சீட்டுல ஏறாதீங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா ஓட்டப்போற ஆள் ஸ்டியரிங்க புடிச்சு பாத்து, டச் ஸ்கிரீன தடவி பாத்து, சன்ரூஃப ரெண்டு தடவ திறந்து மூடிட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறாரு, ஆனா அந்த வண்டில வருஷக்கணக்கா பின்னாடி உக்காந்து வரப்போறது அம்மா, அப்பா, மாமியார், பசங்க. அவங்கள கூட்டிட்டு போகாம கார் பாக்கவே போகாதீங்க, புதுசோ பழசோ ரெண்டுக்கும் இதுதான். நான் சொல்லப்போறது 4 மீட்டர் நீளத்துக்குள்ள வர்ற வண்டிங்கள பத்தி, பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக், மேக்னைட், கைகர் இந்த மாதிரி.

பின் சீட்ட எப்படி பாக்கணும்னா, ஓட்டப்போறவர் முதல்ல தன் உயரத்துக்கு டிரைவர் சீட்ட செட் பண்ணிக்கணும், அப்புறம் இறங்கி அதே சீட்டுக்கு பின்னாடி உக்காரணும். ஷோரூம் வண்டில முன் சீட்ட முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்கன்னா பின்னாடி கால் நீட்டி படுக்கலாம் போல தெரியும், அத நம்பாதீங்க. முட்டி வலி உள்ள பெரியவங்க இருந்தா அவங்கள ரெண்டு மூணு தடவ ஏறி இறங்க சொல்லுங்க. சீட் அவங்க இடுப்பு உயரத்துக்கு இருந்தா பக்கவாட்டுல அப்படியே உக்காந்து கால உள்ள இழுத்துக்கலாம், குனிஞ்சு விழவும் வேண்டாம் தாவி ஏறவும் வேண்டாம். கதவு எவ்வளவு அகலமா திறக்குது, கீழ இருக்கற படி எவ்வளவு அகலம்னும் பாருங்க, மழை நாள்ல சேலை கட்டினவங்க அந்த சேற்ற உரசாம கால் எடுத்து வைக்க முடியணும்.

மூணு பேர் பின்னாடி உக்கார்ற குடும்பமா இருந்தா வண்டி அகலம் ரொம்ப முக்கியம். 3எக்ஸ்ஓ 1821 மிமீ, நெக்ஸான் 1804, பிரெஸ்ஸா 1790, 2019ல வந்த பழைய வென்யூ 1770. பேப்பர்ல சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா தோள் தோளோட இடிச்சுக்கிட்டு திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போய் பாத்தீங்கன்னா அந்த 5 சென்டிமீட்டர் புரியும். நடுவுல உக்கார்றவங்களுக்கு தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட் இருக்கா, தோள் மேல போற மூணு பாயிண்ட் பெல்ட் இருக்கா, இல்ல இடுப்ப மட்டும் சுத்தற பெல்ட்டான்னு கண்டிப்பா பாருங்க, பழைய மாடல்கள்லயும் கீழ் வேரியண்ட்லயும் நடு சீட்ட அம்போன்னு விட்டிருப்பாங்க. அப்புறம் ஜன்னல். இப்ப வர்ற வண்டிங்கள்ல ஸ்டைலுக்காக பின் ஜன்னல சின்னதாக்கி கண்ணாடி விளிம்ப மேல ஏத்திட்டாங்க, பசங்களுக்கு வெளில ஒண்ணும் தெரியாது, மலை ஏறும்போது வாந்தி வரும். பின்னாடி ஏசி வென்ட் இல்லாத வேரியண்ட நம்ம ஏப்ரல் மே வெயிலுக்கு எடுக்கவே எடுக்காதீங்க, அலாய் வீலும் சன்ரூஃபும் இல்லாட்டி பரவால்ல.

பாதுகாப்பு ஸ்டார் பத்தி எல்லாரும் பேசறாங்க, நல்ல விஷயம்தான். நெக்ஸான் 2018ல குளோபல் என்கேப்னு கார இடிச்சு பாத்து ஸ்டார் குடுக்கற டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்கினதுக்கு அப்புறம்தான் நம்ம ஆளுங்க இத கேக்கவே ஆரம்பிச்சாங்க, 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப்னு நமக்கே டெஸ்ட் வந்துடுச்சு, நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் எல்லாம் அதுல 5 ஸ்டார். ஆனா யூஸ்டு வண்டி பாக்கும்போது ஒண்ணு கவனிங்க, டெஸ்ட் பண்ணின வருஷம் வேற, நீங்க பாக்கற வண்டி வருஷம் வேறயா இருக்கும். குளோபல் என்கேப் 2022ல விதிகள கடுமையாக்கிடுச்சு, அதுக்கு முன்னாடி வாங்கின 5 ஸ்டாரும் இப்ப வாங்கற 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல. அந்த வேரியண்ட்ல எத்தன ஏர்பேக், வண்டி வழுக்கி திரும்பாம புடிச்சு நிறுத்தற இஎஸ்சி இருக்கா, குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு நேர்ல பாத்து தெரிஞ்சுக்கோங்க.

அடுத்தது என்ஜின். இங்க உங்க ஓட்டம் என்னன்னு உண்மையா உக்காந்து கணக்கு போடணும். தினமும் ஸ்கூல், ஆபீஸ், மார்க்கெட்னு சிட்டிக்குள்ளயே சுத்தற வண்டிக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற பிஎஸ்6 (புது புகை விதி) டீசல்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, புகைக்கரிய புடிச்சு வச்சு அப்புறம் சூட்டுல எரிக்கும், அந்த சூடு வரணும்னா வண்டி ஹைவேல கொஞ்ச நேரம் விடாம ஓடணும், சிட்டிக்குள்ள ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டினா அது அடைச்சுக்கும், லைட் எரியும், சர்வீஸ் சென்டருக்கு ஓடணும். வாரா வாரம் சென்னை டூ திருநெல்வேலின்னு போற ஆளா இருந்தா டீசல் மாதிரி சுகம் எதுலயும் இல்ல, ஆனா மாருதி, கைலாக், மேக்னைட், கைகர்ல இப்ப டீசலே கிடையாது, டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், கியா பக்கம்தான் போகணும்.

பெட்ரோல்ல டர்போவா (காத்த அழுத்தி உள்ள தள்ளி கூடுதல் இழுவை குடுக்கறது) சாதா என்ஜினான்னு கேட்டா, நாலஞ்சு பேரும் லக்கேஜும் ஏத்திட்டு ஏசி போட்டு மலை ஏறுவீங்களான்னு யோசிங்க. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. மேக்னைட், கைகர்ல இருக்கற டர்போ இல்லாத 1 லிட்டர் என்ஜின் சிட்டிக்கு போதும், ஆனா முழு லோடோட மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல முக்கும். டர்போவும் வளைவுல வேகம் கொறஞ்சு திரும்பி ஏறும்போது ஒரு நொடி யோசிச்சுட்டுதான் இழுக்கும், அதனால டெஸ்ட் டிரைவ்ல காலி ரோட்டுல விரட்டி பாக்கறத விட ஒரு ஃப்ளைஓவர் மேட்டுல எல்லாரையும் ஏத்திக்கிட்டு நிறுத்தி எடுத்து பாருங்க.

ஆட்டோமேட்டிக் வேணும்னா வெறும் ஆட்டோமேட்டிக்னு கேட்டு வாங்காதீங்க, எந்த வகைன்னு கேளுங்க. ஏஎம்டிங்கறது மேனுவல் கியர்பாக்ஸயே மெஷின் மாத்தற வகை, விலை கம்மி, மைலேஜ் நல்லா வரும், ஆனா ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னாடி ஆடும், முன்னாடி இருக்கறவருக்கு பழகிடும் பின்னாடி இருக்கறவங்களுக்கு தலை சுத்தும். வென்யூ, சோனெட் டர்போல வர்ற டிசிடி ரெண்டு கிளட்ச் உள்ளது, அதுவும் ஆயில்ல நனையாத டிரை கிளட்ச், ஹைவேல அருமையா இருக்கும், ஆனா டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா கிளட்ச் சூடாகும். பிரெஸ்ஸா, 3எக்ஸ்ஓ டர்போ, கைலாக்ல இருக்கறது டார்க் கன்வர்ட்டர், கிளட்சுக்கு பதிலா ஆயில் மூலமா சக்திய கடத்தற வகை, குடும்ப வண்டிக்கு நான் இததான் சொல்லுவேன், வழுக்கிக்கிட்டு போகும், பழசானாலும் பெரிசா தொந்தரவு தராது. மைலேஜ் கொஞ்சம் கம்மி, அத ஏத்துக்கலாம்.

விலை விஷயத்துல ஒரு தமிழ்நாட்டு கணக்கு இருக்கு, நெறய பேர் கவனிக்கறதில்ல. 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸ மாத்தினாங்க, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 லட்சத்த தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுவும் தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல முழு விலைக்கும். 9.90 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சத்துக்கு சுமார் 1.82 லட்சம். ஒரு சன்ரூஃபுக்காக அடுத்த வேரியண்ட் போய் இந்த கோட்ட தாண்டினா வரிலயே 50 ஆயிரத்துக்கு மேல போயிடும், அதனால எக்ஸ் ஷோரூம் விலைய மட்டும் பாத்து வேரியண்ட் முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வேரியண்டுக்கும் ஆன் ரோடு விலைய எழுதி வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22ல இருந்து மாறிடுச்சு, 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், இல்லன்னா 40. பிரெஸ்ஸா நீளம் 4 மீட்டருக்குள்ளதான், ஆனா என்ஜின் 1462 சிசி, அதனால அது 40ல நிக்குது.

டீலர் குடுக்கற ஆன் ரோடு ஷீட்ல ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருந்தா எடுக்க சொல்லுங்க, அத நீங்க குடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. இன்சூரன்ஸும் அவங்ககிட்டயேதான் போடணும்னு கட்டாயம் கிடையாது, வெளில ஒரு கொட்டேஷன் வாங்கி காமிச்சாலே அவங்க விலை எறங்கும். டெஃப்லான் கோட்டிங், அந்த கோட்டிங் இந்த கோட்டிங் எல்லாம் வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல வண்டிய போய் பாருங்க, எந்த மாசம் தயாரானதுன்னு பாருங்க, டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2325ன்னா 2025ல 23வது வாரம், அஞ்சு டயரும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல இருக்கணும். ரெஜிஸ்டர் ஆனதுக்கு அப்புறம் கீறல கண்டுபுடிச்சா உங்க பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க.

இப்ப பழைய வண்டி. உண்மைய சொன்னா பட்ஜெட் டைட்டா இருக்கற குடும்பத்துக்கு மூணுலருந்து அஞ்சு வருஷம் ஆன, ஒரே ஓனர் வண்டிதான் என்னோட முதல் சிபாரிசு. புதுசுல கீழ் வேரியண்ட் வாங்கற காசுக்கு இதுல ஏர்பேக், இஎஸ்சி, ரியர் ஏசி எல்லாம் இருக்கற மேல் வேரியண்ட் கிடைக்கும், முதல் சில வருஷத்துல விழற விலைய முதல் ஓனர் ஏத்துக்கிட்டாரு. தெரிஞ்சவங்க வண்டி கிடைச்சா நல்லது, கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கற கடை) எடுத்தாலும் தப்பில்ல, ஆனா கன்சல்டிங்காரர் சொல்றத கேட்டுக்கோங்க, நம்பறதுன்னா பேப்பர பாத்து நம்புங்க.

வண்டிய பாக்கறதுக்கு முன்னாடியே வண்டி நம்பர வாங்கி அரசாங்கத்தோட பரிவாஹன் வெப்சைட்ல போட்டு எத்தனாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, ஈ-சலான் பாக்கி இருக்கான்னு பாருங்க. அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனர வச்சு சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டர் பதிவாகி இருக்கும், நடுவுல 62 ஆயிரம் இருந்து இப்ப மீட்டர் 45 ஆயிரம் காட்டினா கதை முடிஞ்சது. ஹிஸ்டரியே இல்லன்னா பெடல் ரப்பர், ஸ்டியரிங் வழவழப்பு, டிரைவர் சீட் ஓரம் இது மூணும் சொல்லும்.

வண்டிய காலைல முதல் வேலையா பாக்க போங்க, நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானட்ல கை வச்சு பாருங்க, சூடா இருந்தா ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, அதுக்கு ஏதோ காரணம் இருக்கும். கோல்ட் ஸ்டார்ட்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுது, டீசல்ல அழுத்தும்போது கருகருன்னு வந்தா இன்ஜெக்டர் பக்கம் பாக்கணும். ஆயில் மூடிய திறந்து பாத்தா பேக் கம்ப்ரஷன் அடிக்குதான்னு, அதாவது என்ஜின் தேஞ்சு அது வழியா புகை தள்ளுதான்னு மெக்கானிக் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு, அதனால உங்க மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, அவருக்கு குடுக்கற காசு வீணே இல்ல.

ஆக்சிடென்ட் வண்டியா இல்லையான்னு பாக்க கதவு ரப்பர் பீடிங்க உரிச்சு பாருங்க, கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியா ஒரே இடைவெளில இருக்கும், டிங்கரிங் பண்ணினதுன்னா மழுங்கி இருக்கும். பானட், ஃபெண்டர் போல்ட் தலைல பெயிண்ட் உரிஞ்சிருந்தா கழட்டி மாட்டி இருக்காங்க. பம்பர் மாத்தினது, ஒரு கதவு பெயிண்ட் அடிச்சது எல்லாம் சகஜம், அதுக்கு விலை கொறைச்சு வாங்கலாம், ஆனா கூரைய தாங்கற பில்லர், என்ஜின் பக்கத்து உள் தகடான அப்ரான், அடிச்சட்டமான சேஸிஸ் இதுல கை வச்ச வண்டிய எவ்வளவு கொறச்சு குடுத்தாலும் தொடாதீங்க, அதுல உங்க பசங்க உக்காரப் போறாங்க.

வெள்ளத்துல நின்ன வண்டி இதவிட மோசம். சென்னைல 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எத்தனையோ கார் மூழ்குச்சு, அப்படி மூழ்கின வண்டிய கழுவி வெளியூருக்கு அனுப்பி வித்துடறதும் உண்டு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளில இழுங்க, உள் நுனில சேத்துக் கறை தெரியும். முன் சீட்டுக்கு கீழ தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி வைக்கற குழில மண், ஹெட்லைட்டுக்குள்ள ஆவி, கார்பெட்ட தூக்கினா ஒரு புழுங்கல் வாசனை. ஜன்னல மூடி அஞ்சு நிமிஷம் ஏசி போட்டு உள்ள உக்காருங்க, வாசனையே சொல்லிடும். ரொம்ப சென்ட் அடிச்சிருந்தா இன்னும் உஷாரா பாருங்க.

மாடல் பத்தி ரெண்டு வார்த்தை. மறைமலை நகர்ல தயாரான ஈகோஸ்போர்ட் டீசல் இன்னைக்கும் கெட்டியான வண்டி, ஓட்ட அவ்ளோ நல்லா இருக்கும், 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இங்க தயாரிப்ப நிறுத்தறதா அறிவிச்சதால விலையும் கம்மி, ஆனா உங்க ஊர் பக்கத்துல ஃபோர்டு சர்வீஸ் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க, பின் சீட் அகலமும் கம்மிதான். பழைய விட்டாரா பிரெஸ்ஸா 1.3 டீசல் 2016ல இருந்து 2020 வரைக்கும் வந்துச்சு, எந்த டவுன்லயும் ரிப்பேர் பண்ணிக்கலாம், டிபிஎஃப் தொல்லையும் இல்ல. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த பெட்ரோல் வண்டின்னா இப்ப பங்க்ல வர்ற ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் அந்த மாடலுக்கு ஒத்துக்குமான்னு ஓனர் மேனுவல்ல பாருங்க. பாண்டிச்சேரி, கர்நாடகா, டெல்லி நம்பர் வண்டி மலிவா வந்தா இங்க மாத்தறதுக்கு அந்த ஊர் ஆர்டிஓ தர்ற என்ஓசியும் (ஆட்சேபனை இல்லைங்கற சான்று) தமிழ்நாட்டு வரியும் சேத்து கணக்கு போடுங்க, பாதி நேரம் அந்த மலிவு காணாம போயிடும்.

விலை பேசி முடிஞ்சா முழுக் காசையும் ஒரேடியா குடுக்காதீங்க. டோக்கன் குடுத்துட்டு ஒரிஜினல் ஆர்சி, பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30ல கையெழுத்து, லோன் இருந்திருந்தா பேங்க் என்ஓசியோட லோன் பேர நீக்கற ஃபார்ம் 35, ரெண்டு சாவி எல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம் மீதிய பேங்க் மூலமா அனுப்புங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்கற தள்ளுபடி) அவருக்குத்தான் சொந்தம், வண்டியோட வராது, அத நம்பி ப்ரீமியம் கணக்கு போடாதீங்க. இன்சூரன்ஸ 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்திடுங்க, மாத்தாம ஓட்டி நடுவுல இடிச்சா உங்க வண்டி டேமேஜுக்கு க்ளெய்ம் நிக்காது. ஆர்டிஓல பேர் மாறினதும் பரிவாஹன்ல மறுபடி ஒரு தடவ நம்பர போட்டு உங்க பேர் வருதா, ஃபைனான்ஸ் பேர் போயிடுச்சான்னு பாத்துக்கோங்க.