வாசலிலிருந்து கொல்லை வரை: டெல்டாவின் பழைய வீட்டைப் படமெடுக்க

கும்பகோணம், திருவையாறு பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் படமெடுக்க வருகிறவர்கள் பலர் திண்ணையோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே ஆறாது. இந்த வீடுகளின் அழகெல்லாம் நீளத்தில்தான் இருக்கிறது. திண்ணை, ரேழி என்கிற நடை, முற்றம், கூடம், பின்பக்கத்து இரண்டாம் கட்டு, அப்புறம் கொல்லை. பல வீடுகளில் கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் வாசற்படியிலிருந்தே கொல்லை வாழை தெரியும். அந்தப் படத்தை எடுக்காமல் வராதீர்கள்.

போகும் முன்பே வீடு எந்தத் திசை பார்த்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெற்குப் பார்த்த முகப்புக்கு மார்கழி, தை. வடக்குப் பார்த்ததற்கு வைகாசி, ஆனி. சூரியன் வடகிழக்கில் உதிக்கிற அந்த மாதங்களில்தான் காலை வெயில் முகப்பைப் பக்கவாட்டில் தொடும்.

முற்றம்தான் சிரமம். சித்திரை, ஆவணி முதல் வாரங்களை ஒட்டி, பகல் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும். முற்றத்தில் வெயில் கட்டம் கட்டி நிற்கும், தாழ்வாரம் இருண்டு கிடக்கும். மொபைல் திரையில் வெயில் பட்ட தரையை அழுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். இருண்ட தூணைப் பிறகு எடிட்டிங்கில் ஓரளவு வெளிச்சமாக்கிவிடலாம். வெளுத்துப்போன தரை திரும்பாது. என்னைக் கேட்டால் ஐப்பசி மழை நாள்தான் உத்தமம். மூடிய வானத்தின் வெளிச்சம் கூடம் வரை சீராக வரும், நனைந்த நாட்டு ஓடு செக்கச் சிவந்திருக்கும்.

மொபைலின் அகலக் கோண 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தூண்கள் இழுபட்டுப்போகும். 1-லேயே வைத்துப் பின்னால் நகருங்கள். முகப்பென்றால் எதிர் வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு நில்லுங்கள். கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்தால் சுவர் சாயாது.

கொல்லைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பவழமல்லி இரவில் பூத்து விடியும்போது உதிரும்; வெயில் ஏறினால் வாடிவிடும். தரையோடு குனிந்து, ஆரஞ்சுக் காம்பு மேலே தெரியும்படி ஒரு பூவை எடுங்கள். நந்தியாவட்டையும் அரளியும் வரிசை கட்டி வைத்த நந்தவனமாக இருந்தால், பாத்திக்கு நடுவே ஓடும் வாய்க்காலைப் படத்தின் நடுக்கோடாக வையுங்கள். கிணற்றடிக் கல்லில் கயிறு அறுத்த தடம் இருக்கும். சாய்வெயில் பட்டால்தான் அதன் ஆழம் தெரியும். மரங்களையும் விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது எத்தனையோ கொல்லைகளில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. அவற்றுக்குப் படம்கூட இல்லை.

பழகிப் பார்க்கக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு நல்ல இடம். கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. 2003-இல் வாங்கியதிலிருந்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரித்து வருகிறது. காலையில் போனால், சாரங்கபாணி கோயிலின் கிழக்குப் பார்த்த பதினொரு நிலைக் கோபுரம் தெருக்கோடியில் வெயில் வாங்கி நிற்கும்.

ஆள் குடியிருக்கும் வீடென்றால், "பாட்டி, கொல்லை வரைக்கும் வரலாமா?" என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். பூஜை அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ஊர், தெரு, திசை, தேதி நான்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நல்லதாக ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.