விளையாட்டுத் திட்டத்தின் சமூகப் பயனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

40 பிள்ளைகள் 30 பயிற்சிகளுக்கு வந்தால் அது 1,200 வருகை. அதை 1,200 பயனாளிகள் என்று அறிக்கையில் எழுதுவது மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதன்கீழ் வருகையைக் குறித்தால் இந்தக் குழப்பம் தீரும். அந்த எண் இல்லாமல் அடுத்து வரும் எதையும் சரியாகச் செய்ய முடியாது.

எங்கள் பார்வையில் பெருந்தவறு, கடைசிவரை இருந்தவர்களை மட்டும் அளப்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் சேர்கிறார்கள். கேள்வித்தாள் மூலம் அளந்த அவர்களுடைய தன்னம்பிக்கை மதிப்பெண்ணின் சராசரி 20. இடையில் 40 பேர் நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய சராசரி 17, மற்ற 60 பேருடையது 22. ஆண்டு முடிவிலும் அந்த 60 பேர் அதே 22-இல்தான் இருக்கிறார்கள். ஆனால் அறிக்கையோ '20-இலிருந்து 22-க்கு உயர்வு' என்று சொல்லும். யாரிடமும் எந்த மாற்றமும் இல்லை! இரண்டு முறையும் அளக்கப்பட்டவர்களை மட்டுமே ஒப்பிடுங்கள். நின்றவர்களின் தொடக்க மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டுங்கள். அவர்களைத் தேடிப்போய்க் காரணமும் கேளுங்கள். இருட்டியபின் முடியும் பயிற்சி, உடை மாற்ற இடமில்லாத மைதானம் போன்றவை அப்போதுதான் தெரியவரும். திட்டத்தைத் திருத்த இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

இதைச் சரிசெய்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். 12 வயதுப் பிள்ளை ஓராண்டில் விளையாடாமலும் முதிர்ச்சி அடையும். இடமில்லாமல் காத்திருப்போர் பட்டியலில் உள்ள பிள்ளைகளிடமும் அதே நாட்களில் அதே கேள்விகளைக் கேட்டால், திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

கேள்வித்தாளைப் பயிற்சியாளர் கையில் கொடுக்காதீர்கள். அவருக்குப் பிடித்த பதிலைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத வேறொருவர், பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் குறித்து வாங்கட்டும்.

சில சமயம் மதிப்பெண் குறையும். அதைத் தோல்வி என்று அவசரப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அணியை வழிநடத்துவது என்றால் என்னவென்று அறியாதபோது தனக்கு 9 போட்டுக்கொண்ட பிள்ளை, அதைப் பழகிய பிறகு 7 போடலாம். முடிவில் 'இப்போது யோசித்தால், அன்று உனக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பாய்?' என்றும் கேட்டு, தொடக்கத்தில் போட்ட மதிப்பெண்ணிலிருந்து வந்த மாற்றம், இந்தப் பதிலிலிருந்து வந்த மாற்றம் என்ற இரண்டு கணக்கையும் அருகருகே வையுங்கள்.

போட்டி முடிந்த மறுநாள் அளக்காதீர்கள். வெற்றியின் மகிழ்ச்சியோ தோல்வியின் வருத்தமோ பதிலில் கலந்துவிடும். சில வாரம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து மறுமுறை அளந்தால் மாற்றம் நிலைத்ததா என்பது தெரியும்.