மாங்டனில் முதல் சொல்லே மொழித் தேர்வு

கனடாவின் மாங்டன் நகரில் அரசு அலுவலகத்திலோ நகராட்சி கவுண்டரிலோ "ஹலோ, போன்ஜூர்" என்று வரவேற்றால், உங்களுக்கு வசதியான மொழியில் ஒரே ஒரு சொல் பதில் சொல்லுங்கள். "ஹலோ" என்றால் ஆங்கிலம், "போன்ஜூர்" என்றால் பிரெஞ்சு. "ஆங்கிலம் தெரியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதே இல்லை.

அந்த இரட்டை வணக்கம் வெறும் மரியாதைக்காக அல்ல. எந்த மொழியில் சேவை வேண்டும் என்று உங்களிடம் கேட்கும் முறை அது. மாங்டன் இருக்கும் நியூ பிரன்சுவிக் 1969-லேயே இரு மொழிகளுக்கும் சட்டம் கொண்டுவந்த மாகாணம். கனடாவில் அதிகாரபூர்வமாக இருமொழி மாகாணம் அது ஒன்றுதான். மாங்டன் நகரமும் 2002-ல் தன்னை இருமொழி நகரமாக அறிவித்தது. ஆகவே மொழியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, யாரும் செய்யும் உதவி அல்ல. கூச்சப்படாதீர்கள். படிவங்களையும் அதே மொழியில் கேட்டு வாங்கலாம். புரியாத மொழியில் நிரப்பித் திருத்துவதற்காக இரண்டாம் முறை அலைவது மிச்சம்.

தனியார் கடைகளுக்கு இதே கட்டாயம் கிடையாது. அங்கே பணியாளரைப் பொறுத்தது. பக்கத்து ஊரான டியெப்பில் பிரெஞ்சுதான் பெரும்பான்மை, "போன்ஜூர்" என்று தொடங்குவதே நல்லது. மாங்டன் பல்கலைக்கழகத்தில் சேர நினைப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு உதவாது: அது பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம்.