குடோனுக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட்? முதலில் டேப்பை எடுங்கள்

ஃபோர்க்லிஃப்ட் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன் தூக்கும்?" என்றுதான். லோடோடு திரும்ப இடம் இல்லாத குடோனில் எத்தனை டன் தூக்கினால் என்ன? அதனால் வழியிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: ரேக்குகளுக்கு நடுவே உள்ள வழியை அளந்துகொள்ளுங்கள். ரேக்கின் இரும்பிலிருந்து இரும்புக்கு அல்ல. பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த முனையிலிருந்து எதிர் முனைக்கு.

3.5 மீட்டருக்கு மேல் கிடைத்தால் கவுன்டர்பேலன்ஸ் வண்டி, அதாவது எங்கும் பார்க்கிற சாதாரண ஃபோர்க்லிஃப்ட். சீசா மாதிரிதான் இது வேலை செய்கிறது: முன்சக்கரம் தாங்குபுள்ளி, முன்னால் லோடு, பின்னால் அதற்கு ஈடாக இரும்பு எடை. திரும்புவது பின்சக்கரம் என்பதால் வளைக்கும்போது வண்டியின் பின்பக்கம் வீசும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. லாரியில் ஏற்றி இறக்க இதுதான் சரி.

3 மீட்டருக்குள் என்றால் ரீச் டிரக். மாஸ்ட், அதாவது லோடு ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம், முன்னால் நகர்ந்து பேலட்டை எடுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும், ஓட்டுபவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார், 10 மீட்டர் உயர ரேக்குக்கும் போகும். ஆனால் சக்கரம் சின்னது, மேடுபள்ளமான யார்டுக்கு அனுப்பாதீர்கள். 2 மீட்டருக்கும் குறைவான வழிக்குத் தனி வண்டிகள் உண்டு, அதற்குத் தரையையே மட்டம் பார்த்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 2: எடை. வண்டித் தகட்டில் 2.5 டன், லோடு சென்டர் 500 மி.மீ. என்று இருந்தால், லோடின் எடை மையம் ஃபோர்க்கின் (லோடைத் தாங்கும் L வடிவ இரும்புக் கையின்) செங்குத்துப் பகுதியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும்வரைதான் அந்த 2.5 டன். 1.6 மீட்டர் நீளப் பெட்டியை நீளவாக்கில் எடுத்தால் மையம் 800க்குப் போய்விடும், அப்போது 2 டன்கூடத் தாங்காமல் போகலாம். உயரத் தூக்கத் தூக்க இன்னும் குறையும். சேல்ஸ்காரர் சொல்வதை விட்டுவிட்டுத் தகட்டைப் படியுங்கள்.

படி 3: உயரம். மேலே எவ்வளவு போகும் என்பதோடு, மாஸ்ட் இறங்கியிருக்கும்போது எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். சாதாரண கன்டெய்னரின் கதவு சுமார் 2.28 மீட்டர்தான். உள்ளே போய் அடுக்க வேண்டுமென்றால் மாஸ்ட் நீளாமலே ஃபோர்க் மட்டும் உயரும் வகை தேவை, இதை மறந்துவிட்டு வாங்கினால் கன்டெய்னர் வேலை முழுக்க ஆள் வைத்துத்தான் நடக்கும்.

படி 4: எரிபொருள். டீசல் வெளி வேலைக்கு, மூடிய குடோனில் புகை ஆகாது. உள்ளே பேட்டரி வண்டி. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏற சுமார் 8 மணி நேரம் ஆகும், ஹைட்ரஜன் வேறு வரும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். லித்தியம் விலை அதிகம், ஆனால் டீ இடைவேளையில்கூட சார்ஜ் போடலாம். இரண்டு ஷிப்ட் ஓடுகிற இடத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும் என்பது என் கணக்கு.

சரி, சரக்கெல்லாம் தரையிலேயே இருக்கிற சின்ன குடோன் என்றால்? கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக் போதும், 2.5 டன் வரை இழுக்கும். கொஞ்சம் உயரத்தில் அடுக்க ஒரு ஸ்டாக்கர்.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் டெமோ கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் காலி பேலட்டை வைத்து அல்ல, உங்கள் சரக்கு ஏற்றிய பேலட்டை வைத்து, இருப்பதிலேயே குறுகலான வழியில்.