மலைச்சரிவில் தோட்டம்: முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம் செடிக்கு இடம்

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, கோத்தகிரிப் பக்கம் இடம் வாங்கியவர்களில் பலர் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் பார்த்த தோட்டத்தை அப்படியே மலைமேல் வைக்கப் பார்க்கிறார்கள். ஜேசிபி இறக்கி மொத்த இடத்தையும் ஒரே மட்டமாக்கிப் புல்தரை போட்டுவிடுகிறார்கள். அடுத்த பெருமழையில் மேட்டுப் பக்கம் வெட்டிய மண் புல்மேல் சரிந்து கிடக்கிறது. மலையில் தோட்டம் என்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை. அதைச் சரியாக முடித்தால் செடி வளர்ப்பது சுலபம்.

கணக்குப் புரிய ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம்: வீட்டுக்குப் பின்னால் 30 அடி அகலம், சரிவு இறங்கும் திசையில் 40 அடி நீளம்.

படி 1: மழையில் நின்று பாருங்கள்

ஒரு கனமழை பார்க்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். மேல் ரோட்டிலிருந்து, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, உங்கள் கூரையிலிருந்து தண்ணீர் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு அங்குல மழை பெய்தாலே இந்த 1,200 சதுர அடியில் சுமார் 2,800 லிட்டர் விழும். மேட்டிலிருந்து வருவது தனி.

அந்த மேட்டுத் தண்ணீரைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. மேல் எல்லையில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, அடியில் கல் பதித்து, ஏற்கெனவே இருக்கும் ஓடைக்குத் திருப்புங்கள். 100 அடிக்கு ஒரு அடி இறக்கம் போதும். அதிகமானால் தண்ணீரே வாய்க்காலை அறுத்துவிடும். குறைந்தால் மண் படிந்து அடைத்துக்கொள்ளும். கூரைத் தண்ணீரையும் பைப் வழியாகத் தனியாக இறக்குங்கள். ஓடையை மூடுவதும் திருப்புவதும் வேண்டவே வேண்டாம்.

படி 2: சரிவை அளப்பது

கண் மதிப்பு மலையில் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். மேலே ஒரு குச்சி, கிடைமட்டமாகப் பத்தடி தள்ளிக் கீழே ஒரு குச்சி. குழாயின் இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குச்சிகளில் குறித்து, அங்கிருந்து தரைவரை அளங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரிவு.

நம் இடத்தில் பத்தடிக்கு 2 அடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அடிக்கு 8 அடி. இதை 8 அடிச் சுவர் ஒன்றாக எழுப்பினால் அது பொறியாளர் வேலை. மண்ணைத் தாங்கும் மூன்று அடிக் கல்கட்டு (கல் சுவர்) இரண்டு, 12 அடி அகலத்தில் படிப்படியாக இறங்கும் மூன்று தட்டுகள், மீதி 2 அடி இறக்கத்துக்கு 4 அடி அகலச் சாய்வுக்கரை என்று பிரித்தால் உள்ளூர் ஆட்களே கட்டிவிடலாம். கல்கட்டு நேர்க்கோட்டில் போக வேண்டியதில்லை. ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வளையும், அந்த வளைவிலேயே கட்டுங்கள். வெட்டும் மண் குறையும், பார்க்கவும் அழகு.

படி 3: மண் வெட்டுவது

தை முதல் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மற்ற மலைகளிலும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

மேலே உள்ள கருப்பான அரை அடி மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அடியில் வரும் சிவந்த கரட்டு மண்ணில் சத்து கிடையாது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எத்தனை லோடு எரு போட்டாலும் ஈடாகாது.

படி 4: கல்கட்டு

சிமென்ட் இல்லாத கல்கட்டுத்தான் இங்கே சிறந்தது. சுவரை மழை தள்ளுவதில்லை, சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் தள்ளுகிறது. கல் இடுக்கு வழியே அது வடிந்துவிட்டால் பிரச்சினையில்லை. சிமென்ட் வைத்தே கட்டுவதானால் ஐந்தடிக்கு ஒரு 3 அங்குல பைப் விட்டே ஆக வேண்டும்.

ஒரு அடி ஆழம், 2 அடி அகலத்தில் கெட்டி மண் வரை அடித்தளம் வெட்டுங்கள். தரை மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். மேலே போகப்போகச் சுவரின் முகம் 3 அடி உயரத்துக்கு அரை அடி பின்வாங்க வேண்டும். அடியில் 2 அடி கனம் என்றால் தலைப்பில் ஒன்றரை அடி வரும். 30 அடி நீளச் சுவர் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) கருங்கல், முதுகுக்கு, அதாவது சுவரின் பின்பக்கத்துக்கு, ஒரு யூனிட் 40 மி.மீ. ஜல்லி சொல்லிவையுங்கள்.

கல் வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லின் நீளவாட்டம் சுவருக்குள்ளே போக வேண்டும். முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று நீளத்தை வெளியே காட்டி வைத்தால் அது வெறும் ஒட்டுக்கல், முதல் அழுத்தத்தில் பிதுங்கும். வைத்ததும் ஏறி நில்லுங்கள். ஆடினால் எடுத்துத் திருப்பி வையுங்கள், அல்லது பின்பக்கமிருந்து சில்லு சொருகுங்கள். முன்பக்கம் சொருகிய சில்லு கொஞ்ச நாளில் கழன்று விழும், மேலே உள்ள கல்லும் கூடவே இறங்கும். இரண்டு கல் சேரும் மூட்டின்மேல் அடுத்த கல் உட்கார வேண்டும். மூட்டுமேல் மூட்டு நேராக வந்தால் அந்தக் கோட்டில்தான் சுவர் பிளக்கும். மூன்றடிக்கு ஒன்றாகச் சுவரின் முழுக் கனத்துக்கும் போகிற நீளக்கல் வையுங்கள். பெரிய, தட்டையான கற்களைத் தலைப்புக்கு என்று முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

சுவர் ஏற ஏற முதுகில் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி போட்டு வாருங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. பிளாஸ்டிக் ஷீட் போட்டால் தண்ணீர் வடியாது. மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து நிரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் மழையில் அமுங்கித் தட்டு குழி விழும்.

படி 5: தட்டின் சாய்வு

தட்டு மட்டமாகத் தெரிய வேண்டும், மட்டமாக இருக்கக் கூடாது. மேட்டுப் பக்கம் 3 அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் கல்கட்டின் தலையில் வழியாமல் உள்பக்கம் திரும்பும். அங்கே மேல் சுவரின் காலை விட்டு ஒரு அடி தள்ளி ஆழமில்லாத வடிகால் வெட்டி, ஓரத்தில் இறக்குங்கள். சுவரை ஒட்டி வெட்டினால் அடித்தளம் அரிக்கும். இறங்கும் இடத்தில் பெரிய கல் பரப்பாவிட்டால் விழுகிற தண்ணீர் குழி பறிக்கும். ஆள் நடக்கும் படிகளுக்கு 6 அங்குல உயரம், 14 அங்குல மிதி. வடிகாலும் படியும் ஒரே வழியில் வேண்டாம்.

எடுத்துவைத்த மேல்மண்ணை இப்போது மூன்று தட்டிலும் பரப்புங்கள்.

படி 6: நடவு

சாய்வுக்கரையில் முதலில் வெட்டிவேர். இரண்டு வரிசை, நாற்றுக்கு நாற்று அரை அடி என்றால் 120 நாற்று ஆகும். அதற்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் பிடிக்காது. நிழல் கரைக்கு உள்ளூர்ப் பெரணியே போதும். வால்பாறையில் தென்மேற்கு மழை வலுக்கும் முன், கோடை மழை ஈரத்தில் நட்டுவிடுங்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஆடி, ஆவணி சரியான காலம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

சமவெளி நர்சரிச் செடியை இறக்கியதும் நடாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் நிழலில் வைத்துக் குளிருக்குப் பழக்குங்கள். மழை அதிகமான மலைகளில் மண் பெரும்பாலும் புளிப்பாக (அமிலத்தன்மையோடு) இருக்கும். ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பது அதனால்தான். சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்புக்கு மாறும். புளிப்பு மண்ணே பிடிக்கும் அசேலியா, காமெலியா பக்கம் சுண்ணாம்பைக் கொண்டே போகக் கூடாது. பெரிதாக வளரும் மரங்கள் கல்கட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். யானை நடமாடும் வால்பாறையில் வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வைப்பது ஆபத்தை அழைப்பது. உண்ணிச்செடி பூ அழகாக இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது காட்டையே தின்றுகொண்டிருக்கிறது.

படி 7: முதல் மழைக்காலம்

ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் சுற்றி வாருங்கள். கல் இடுக்கில் தெளிந்த தண்ணீர் வடிந்தால் நல்லது. கலங்கிய தண்ணீர் தொடர்ந்து வந்தால் பின்னால் துணி விலகி மண் கசிகிறது என்று அர்த்தம். சுவரில் எங்காவது வயிறு தள்ளினால் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள். வடிய இருந்த வழியும் அடைபட்டுப் பக்கத்துக் கல்லும் சேர்ந்து தள்ளும். மழை விட்டதும் அந்த இடத்தில் மட்டும் மேலிருந்து நாலடி அகலத்துக்குக் கல்லைப் பிரித்து, ஜல்லியைச் சரிசெய்து, மறுபடி கட்டுங்கள்.