நெருக்கடி நேரத்தில் மனசுக்கு நாமே செய்துவிடும் தவறுகள்

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வேலை போன பிறகும் வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. சம்பளம் நின்றது ஒரு அடி. 'குடும்பத்தைத் தாங்குகிறவன் நான்' என்ற நம்பிக்கை சரிவது அதைவிடப் பெரிய அடி. வாழ்க்கையில் எது முக்கியம் என்று நாம் மனசுக்குள் வைத்திருப்பதை உளவியலில் விழுமியம் என்கிறார்கள். அதையும், அதை நிறைவேற்ற நாம் பிடித்திருக்கும் ஒரு வழியையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. குடும்பத்தைக் கவனிப்பது விழுமியம். அந்தக் கம்பெனி வேலை ஒரு வழி. வேலை இல்லாத மாதத்திலும் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகலாம். முதலில் மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம்.

1993-ல் டிம் காசர், ரிச்சர்ட் ரயான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறவு, சமூகம், தன் வளர்ச்சி இவற்றையெல்லாம்விடப் பணத்தில் ஜெயிப்பதையே மையமாக வைத்தவர்களின் மனநலம் அதில் குறைவாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு, வாடகைக்கே திண்டாடுகிறவரிடம் 'பணமா முக்கியம்?' என்று கேட்பது கொடுமை. தேவைக்குச் சம்பாதிப்பது வேறு, தன் மதிப்பையே சம்பளத்தில் அளப்பது வேறு.

இன்னொரு தவறு, குற்ற உணர்ச்சி வந்தாலே தப்பு செய்துவிட்டோம் என்று முடிவு கட்டுவது. மாம்பலத்தில் அம்மா படுத்த படுக்கை. மகளுக்குப் புனேயில் நல்ல வேலை கிடைக்கிறது. போனாலும் உறுத்தும், போகாவிட்டாலும் உறுத்தும். ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992-ல் பத்து அடிப்படை விழுமியங்களை வகுத்தபோதே, அவற்றில் சில ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் என்று காட்டினார். சுயமாக முடிவெடுப்பதும் மரபைப் போற்றுவதும் அப்படிப்பட்டவை. அந்த மகளுக்கு இரண்டுமே உண்மையாக முக்கியம், அதனால்தான் உறுத்துகிறது. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் பாதி பாரம் குறையும்.

அப்புறம், அவசர முடிவுகள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல ஒன்று வந்து போனதும் வீட்டை விற்றுவிடலாமா என்று தோன்றுவது இயல்பு. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே இடம் மாறத்தான் வேண்டும்; ஆனால் வாடகைக்குப் போவதைத் திருத்திக்கொள்ளலாம், பத்திரம் எழுதிக் கொடுத்ததைத் திருத்த முடியாது. கணவரையோ மனைவியையோ இழந்தவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் தவறு செய்கிறார்கள். 'எல்லாம் நன்மைக்கே', 'வெள்ளத்துல மூழ்கின முடிச்சூர்ல இருக்கறவங்கள பாருங்க, உங்களுது ஒண்ணுமே இல்ல' என்ற பேச்சு, துக்கத்தோடு வெட்கத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். பெரிய அடிக்குப் பின் சிலர் மனதளவில் வளர்வது உண்மைதான். டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அந்த வளர்ச்சி வேதனையோடு சேர்ந்தே இருக்கும், எல்லோருக்கும் வராது, கேட்டு வாங்கவும் முடியாது. அதேபோல், நடந்ததையெல்லாம் உடனே கொட்டச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அப்படி ஒரே அமர்வில் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. சாப்பாடு, மாற்றுத்துணி, சொந்தக்காரருக்கு ஒரு போன் இவற்றை முதலில் பாருங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள்.

கடைசியாக, மனவுறுதி இருந்தால் மருத்துவம் தேவையில்லை என்ற எண்ணம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-லிருந்து சென்னையில் சினேகா அமைப்பு இயங்குகிறது. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பக்கத்தில் இருப்பவர் தற்கொலையை நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால், 'செத்துப் போகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, கூடவே உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள்.